சுழல் விளக்குக்கு ஏன் இத்தனை நிறம்?

இரவு நேரம். பைபாஸ் சாலை ஓரத்தில் நிற்கிறீர்கள். தூரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. வண்டி வருகிறதா, போகிறதா? வருகிறது. சரி, இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால்? போகிறது. இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். லாரியா காரா என்பது தெரியவில்லை, என்ன வேகம் என்பதும் தெரியவில்லை. ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

இது தானாக அமைந்த ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். இதற்குச் சட்டம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் என்று 1989-ல் ஒரு தொகுப்பு வந்தது. அதில் 108-ஆம் விதி சொல்வது இதுதான்: எந்த வண்டியும் முன்பக்கம் சிவப்பு விளக்குக் காட்டக் கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டக் கூடாது. (ஆம்புலன்ஸைக் கூப்பிட நாம் அழுத்தும் எண்ணும் 108 தான். தற்செயலாக அமைந்தது. ஆனால் மனப்பாடம் செய்ய வசதி!) அப்படியானால் திரும்பும்போது மினுக்கும் இண்டிகேட்டர்? ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் எரியும் வெள்ளை விளக்கு? நம்பர் பிளேட்டின் மேல் விழும் வெளிச்சம்? இவற்றுக்கெல்லாம் அதே விதியில் தனித்தனியாக விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

விலக்குப் பட்டியலில் ஆம்புலன்ஸும் இருந்தது. ஊதாக் கண்ணாடி போட்ட, விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கை அது வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, முன்னால் சிவப்பு வரவே கூடாத ஓர் உலகத்தில், ஒரு வண்டி முன்னால் சிவப்போடு பாய்ந்து வருகிறது. எதிரில் வருகிற ஓட்டுநருக்கு இது வழக்கமான வண்டி இல்லை என்று உடனே உறைத்துவிடும். யோசித்துப் பாருங்கள்: மற்ற எல்லா வண்டிகளும் விதியைக் கடைப்பிடிப்பதால்தான் இந்த ஒரு வண்டியின் விதிவிலக்கு வேலை செய்கிறது.

சரி, சிவப்பு ஏன்? நீலம் ஏன்? இப்போது போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ் கூரைகளில் இரண்டும் மாறி மாறி மின்னுகின்றனவே?

உங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு விடை இருக்கும். சிவப்புக்கு அலைநீளம் அதிகம், காற்றில் குறைவாகச் சிதறும், அதனால் வெகுதூரம் தெரியும். தேர்வில் எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் நம் தெருவில் இது எவ்வளவு தூரம் உண்மை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

ராலே என்ற இயற்பியலாளர் சொன்ன விதிப்படி, காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். சிவப்புக்கு 650 நானோமீட்டர் என்றும் நீலத்துக்கு 450 என்றும் வைத்துக்கொள்வோம். 650-ஐ 450-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.44. அதை நான்கு முறை தன்னோடு பெருக்கினால் 4.3 வரும். ஆக, நீலம் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது. கேட்க மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் எதில் நாலு மடங்கு? சுத்தமான காற்றில் முழுதாக ஒரு கிலோமீட்டர் போனால்கூட, சிவப்பு ஒளி நூற்றில் ஒரு பங்கை இழப்பதில்லை. நீலமும் நூற்றில் மூன்று பங்கை இழப்பதில்லை. ஆம்புலன்ஸை நாம் பார்ப்பதோ முந்நூறு நானூறு மீட்டரில். இந்த வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. வானம் நீலமாகத் தெரிவதற்கும் மாலைச் சூரியன் சிவப்பதற்கும் ராலே விதி அருமையான விளக்கம். ஏனென்றால் அங்கே ஒளி வளிமண்டலம் முழுவதையும் கடந்து வருகிறது. அண்ணா சாலைக்கு அது பொருந்தாது.

‘பனிமூட்டத்தில் சிவப்பு ஊடுருவித் தெரியுமே?’ என்று கேட்பீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் யாராவது இதை உறுதியாகவே சொல்வார்கள். பனிமூட்டத்தில் மிதப்பவை நீர்த்துளிகள். அவை காற்று மூலக்கூறு போலப் பொடிப்பொடியானவை இல்லை. ஒரு துளி சுமார் 10,000 நானோமீட்டர் அகலம் இருக்கும். சிவப்பு ஒளியின் அலைநீளத்தைப்போல் பதினைந்து மடங்கு. இவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும். பனிமூட்டம் வெள்ளையாக இருக்கிறதே, அதற்குக் காரணமே இதுதான். சிவப்புக்கு அங்கே தனிச் சலுகை கிடையாது.

அப்படியானால் நிறத்தின் ரகசியத்தைக் காற்றில் தேடிப் பயனில்லை. கண்ணுக்குள் தேட வேண்டும்.

நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. கூம்பு செல்கள் சுமார் அறுபது லட்சம். பகல் வெளிச்சத்தில் வேலை செய்து நிறம் காட்டுபவை. குச்சி செல்கள் சுமார் பன்னிரண்டு கோடி. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்பவை, நிறம் காட்டாதவை. கூம்பு செல்களின் கூட்டணிக்கு மிகவும் பளிச்சென்று தெரியும் ஒளி 555 நானோமீட்டர் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பச்சை. குச்சி செல்களுக்கு அது 500-ஐ ஒட்டி, நீலம் கலந்த பச்சையில் இருக்கிறது. இருட்ட இருட்ட, பொறுப்பு கூம்புகளிடமிருந்து குச்சிகளுக்குக் கை மாறும்போது, நம் கண்ணின் விருப்பமும் சிவப்புப் பக்கத்திலிருந்து நீலப் பக்கமாக நகர்கிறது. நல்ல சிவப்பு ஒளிக்குக் குச்சி செல்கள் கிட்டத்தட்டக் குருடு.

இதை முதலில் கவனித்து எழுதியவர் பூர்கின்யே என்ற செக் நாட்டு விஞ்ஞானி. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கருவியும் ஆய்வுக்கூடமும் இல்லாமல், விடிகாலையில் பூக்களைப் பார்த்தே கண்டுபிடித்தார். நீங்களும் செய்யலாம். செம்பருத்திப் பூ ஒன்று, நீலச் சங்குப்பூ ஒன்று பறித்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்போது செம்பருத்திதான் கண்ணைப் பறிக்கும். சங்குப்பூ அடக்கமாக இருக்கும். இருட்டும்வரை அவ்வப்போது வந்து பாருங்கள். சூரியன் மறைந்து அரைமணி நேரம் ஆகும்போது செம்பருத்தி கருத்துப்போய், கரித்துண்டு மாதிரி கிடக்கும். சங்குப்பூவும் அந்த வெள்ளைத் தாளும் இன்னும் சாம்பல் வெளுப்பாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஒரு நிபந்தனை: இடையில் யாரும் செல்போனை ஆன் செய்யக் கூடாது, தெருவிளக்கும் நேராகக் கண்ணில் படக் கூடாது. குச்சி செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஒருமுறை செல்போன் வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்போது ஆம்புலன்ஸுக்கு வருவோம். இரவில் நம் கண் நீலத்துக்கு வசதியாக இருக்கிறது. அது மட்டும் இல்லை. இரவில் ஒரு சாலையைப் பாருங்கள். முன்னால் போகிற எல்லா வண்டிக்கும் பின்னால் சிவப்பு. பிரேக் போட்டால் இன்னும் சிவப்பு. சிக்னலில் சிவப்பு, கடை விளம்பரங்களில் சிவப்பு. இந்தச் சிவப்புக் கூட்டத்தில் இன்னொரு சிவப்பு வந்தால் யார் கண்டுகொள்வார்கள்? நீலம் அங்கே தனியாள். பகலில் நிலைமை தலைகீழ். பளிச்சிடும் வானத்தின் முன்னே நீல விளக்கு கரைந்துபோகும். மரத்தின் பச்சைக்கும் வானத்தின் நீலத்துக்கும் இடையில் சிவப்பு துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே இரண்டையும் சேர்த்து வைப்பது பகலுக்கும் இரவுக்கும் சேர்த்துப் போட்ட ஏற்பாடு. நிறக்குருடு உள்ளவர்களையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒரு வகையினருக்குச் சிவப்பு விளக்கு மிகவும் மங்கலாகத்தான் தெரியும். அவர்களுக்கும் நீலம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் நீலத்துக்கு ஒரு குறையும் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் நீல எல்.இ.டி. எழுத்தில் ஒளிரும் பெயர்ப்பலகைகளை இரவில் தள்ளி நின்று பாருங்கள். பக்கத்துக் கடையின் சிவப்பு எழுத்து கோடு கோடாகத் தெளிவாகத் தெரியும். நீல எழுத்து மட்டும் கலங்கி, ஓரமெல்லாம் ஒழுகியது மாதிரி இருக்கும். கண்ணாடி போட வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். கண்ணின் லென்ஸ் நீல ஒளியைச் சிவப்பைவிடக் கூடுதலாக வளைக்கிறது. அதனால் நீலப் பிம்பம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும்போது பயன்படும் விழித்திரையின் நட்டநடுப் புள்ளியில் நீலத்தை உணரும் கூம்பு செல்கள் கிடையவே கிடையாது. குச்சி செல்களும் அங்கே கிடையாது. அவை சுற்றிலும்தான் நிறைந்திருக்கின்றன. எனவே நீலம் படிப்பதற்கு ஏற்ற நிறமில்லை. ஓரக்கண்ணில் பட்டுத் திரும்பிப் பார்க்க வைப்பதற்கு ஏற்ற நிறம். ஆம்புலன்ஸுக்கு வேண்டியது அதுதானே? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்க வேண்டியதில்லை. ஏதோ வருகிறது என்று தெரிந்தால் போதும்.

ஓரக்கண் என்றதும் இன்னொன்று. விழித்திரையின் ஓரப் பகுதி நிறத்தில் மட்டம், அசைவிலும் மினுக்கலிலும் கெட்டிக்காரப் பகுதி. அசையாமல் எரியும் விளக்கை அது சீக்கிரமே அலட்சியம் செய்துவிடும். மின்னி மின்னி எரிந்தால் விடாது. அதனால்தான் எச்சரிக்கை விளக்குகள் எல்லாமே மினுக்குகின்றன.

பழைய சுழல் விளக்கு ஒன்றைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மெக்கானிக் ஷெட்டில் எங்காவது கிடக்கும். மேலே தொப்பி மாதிரி நிறப் பிளாஸ்டிக் மூடி. அதைத் திருகி எடுத்தால் நடுவில் ஒரு பல்ப். அந்தப் பல்பு அணைந்து அணைந்து எரியவே எரியாது; ஒரே சீராக எரிந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றிக் குழிந்த ஆடி ஒன்று, அடியில் ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரம் அல்லது ரப்பர் பெல்ட். மோட்டார் ஆடியைச் சுற்றும். ஆடி உங்கள் பக்கம் திரும்பும் கணத்தில் பளீர் என்று அடிக்கும், விலகியதும் மங்கிவிடும். பல்பையே அணைத்து அணைத்து எரிய விட்டால் என்ன என்று கேட்கலாம். அந்தக் காலத்துப் பல்பில் இழை சூடாகிப் பிரகாசிக்கவும், ஆறி அணையவும் நேரமாகும். மினுக்கல் மழுங்கிப்போகும். ஆடி அந்தச் சிக்கலைத் தீர்த்ததோடு இன்னொரு லாபமும் கொடுத்தது. 360 பாகையிலும் சிதறிப்போக இருந்த ஒளியைப் பத்துப் பாகைக்குள் அள்ளிக் குவித்தால், அந்தத் திசையில் அது முப்பத்தாறு மடங்கு! ஆடியில் கொஞ்சம், மூடியில் கொஞ்சம் வீணானாலும், ஒரு சாதாரண பல்ப் பெரிய ஆளாகிவிடும்.

எவ்வளவு வேகமாக மினுக்க வேண்டும்? இதற்கும் விதி உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்து, பல நாடுகள் பின்பற்றும் 65-ஆம் எண் ஒழுங்குமுறை, நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை என்கிறது. கணக்கு எளிதுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். நொடிக்கு இரண்டு முறை மினுக்கினால், ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எட்டு மீட்டர். இரண்டு நொடிக்கு ஒருமுறை மினுக்கினால் இடையில் 33 மீட்டர் ஓடியிருக்கும். ‘இப்போதுதானே அங்கே இருந்தது?’ என்று நீங்கள் தேடுவதற்குள் அது பக்கத்தில் வந்து நிற்கும்.

அப்படியென்றால் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மினுக்கினால் இன்னும் நல்லதுதானே? கூடவே கூடாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் தொலைக்காட்சியில் போக்கிமான் என்ற கார்ட்டூன் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காட்சியில் வெடிப்பைக் காட்டத் திரை முழுவதும் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னியது. சில நொடிகள்தான். அன்று மாலை தலைவலி, மயக்கம், வலிப்பு என்று 685 குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சிலருடைய மூளை வேகமான மினுக்கலைத் தாங்காது. நரம்புகள் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கி வலிப்பு வந்துவிடும். கவனித்தீர்களா, அதே சிவப்பு, அதே நீலம். ஆம்புலன்ஸ் அளவோடு மினுக்குவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

எல்.இ.டி. வந்த பிறகு ஆடியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம் என்றாகிவிட்டது. எல்.இ.டி. கண்ணிமைக்கும் நேரத்தில் பல ஆயிரம் முறை எரிந்து அணையக்கூடியது. நீலத்துக்கு இது பெரிய விடுதலை. பழைய பல்பின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம், நீலம் கொஞ்சமே. நீல மூடி போட்டால் ஒளியின் பெரும்பகுதி மூடியிலேயே நின்றுவிடும். சிவப்பு மூடிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது, நல்ல வெளிச்சம் தரும் நீல எல்.இ.டி. செய்ய மேலும் முப்பது ஆண்டுகள் திணறினார்கள். அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள் இருப்பதும் அந்த நீலம்தான்.

ஆனால் வெளிச்சம் கூடினால் ஆபத்தும் கூடுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2008-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பகலில் ஓர் அளவு, இரவில் அதைவிடக் குறைந்த அளவு என்று இரண்டு பிரகாசம் வைக்க வேண்டும் என்றும், நீலத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்றும் அது பரிந்துரைத்தது. விபத்து நடந்த இடத்தில் நான்கு வண்டிகள் முழு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தால், வண்டிகள் தெரியும்; அவற்றின் நடுவே ஸ்ட்ரெச்சர் தூக்கி நிற்கிற மனிதர்கள் தெரியமாட்டார்கள். என்னைக் கேட்டால், நம் ஊரில் இப்போது சில வண்டிகளில் பளபளக்கும் விளக்குகளுக்கு முதல் தேவை இரவில் குறைக்கும் ஒரு சுவிட்ச்தான்.

இதுவரை கண்ணைப் பற்றிப் பேசினோம். மனிதர்களைப் பற்றியும் பேச வேண்டும். வகுப்பில் ஒரே ஒருவர் கை தூக்கினால் ஆசிரியர் பார்ப்பார். நாற்பது பேரும் தூக்கினால் யாரையும் பார்க்கமாட்டார். நம் நாட்டில் சிவப்புச் சுழல் விளக்குக்கு அந்த நிலைமைதான் வந்தது. பெரிய பதவியில் இருப்பவர்களின் காருக்குச் சிவப்பு விளக்கு வைக்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. யார் யார் என்பதை அரசுகளே முடிவு செய்யலாம். பட்டியல் நீண்டுகொண்டே போனது. பட்டியலில் இல்லாதவர்களும் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போகும் காரிலும் சிவப்பு விளக்கு சுழன்றது!

2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கறாராகச் சொன்னது: உயர் அரசியலமைப்புப் பதவியில் இருப்பவர்கள் பணியில் இருக்கும்போது மட்டுமே சிவப்பு, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்றவற்றுக்கு நீலம், வெள்ளை, பல நிறம் என்று வேறு நிறங்கள் இருக்கட்டும். 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை இன்னும் ஒரு படி மேலே போனது. பதவிக்காகக் காரில் விளக்கு வைக்கும் வழக்கமே வேண்டாம் என்று முடிவெடுத்து, அந்த ஆண்டு மே 1 முதல் விதியிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். குடியரசுத் தலைவர் காரிலும் கிடையாது, பிரதமர் காரிலும் கிடையாது, கலெக்டர் காரிலும் கிடையாது.

புதிய விதிப்படி சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் கலந்த விளக்கு யாருக்கு? தீயை அணைக்கப் போகும் வண்டிகளுக்கு. சட்டம் ஒழுங்கைக் காக்கும் போலீஸ், ராணுவம், துணை ராணுவ வண்டிகளுக்கு. வெள்ளம், புயல், நிலநடுக்கம், சுனாமி, அணு அல்லது ரசாயன விபத்து போன்ற பேரிடர்ப் பணி வண்டிகளுக்கு. அந்தப் பணியில் இல்லாதபோது விளக்கை எரிய விடக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். விளக்கு வண்டிக்குச் சொந்தமில்லை, அந்த வண்டி அப்போது பார்க்கும் வேலைக்குச் சொந்தம்.

மஞ்சள் விளக்கை மறந்துவிட்டோமே. ஆரஞ்சு கலந்த அந்த மஞ்சளுக்கு அர்த்தமே வேறு. ‘வழி விடு’ என்று அது கேட்பதில்லை; ‘நான் மெதுவாகப் போகிறேன், அல்லது நின்றுகொண்டிருக்கிறேன், பார்த்து வா’ என்கிறது. 108-ஆம் விதி இதை விமான நிலையம், துறைமுகம் போன்ற வளாகங்களுக்குள்ளேயே ஓடி, பொதுச்சாலைக்கு வராத வண்டிகளின் கூரைக்கு அனுமதிக்கிறது. மீனம்பாக்கத்தில் விமானத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தால், பெட்டி ஏற்றும் டிராக்டர், எரிபொருள் லாரி எல்லாவற்றின் தலையிலும் மஞ்சள் மினுக்கும். தீயணைப்பு வண்டியும் பாதுகாப்பு வண்டியும் மட்டும் நீலம். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு உலக விமான நிலையங்களுக்காக வகுத்த ஒழுங்கு இது. எந்த நாட்டு விமானி எந்த ஊரில் இறங்கினாலும் குழம்பக் கூடாதல்லவா?

சாலையில்தான் நாட்டுக்கு நாடு ஒரு வழக்கம். ஜப்பானில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் சிவப்பு. நீலம் அங்கே ஊர்க்காவல் சுற்றும் தன்னார்வலர்களின் வண்டிக்கு, 2004-ல் அனுமதித்தார்கள். பிரிட்டனில் அவசர வண்டிகளுக்கு நீலம், அவசரமாகப் போகிற டாக்டரின் காருக்குப் பச்சை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் மாநிலத்தில் வீட்டிலிருந்து கிளம்பி ஓடும் தன்னார்வத் தீயணைப்பு வீரரின் காரில் நீலம், தன்னார்வ ஆம்புலன்ஸ் ஊழியரின் காரில் பச்சை. சில மாநிலங்களில் இறுதி ஊர்வலத்துக்கு ஊதா விளக்கு. கண் எல்லோருக்கும் ஒன்றுதான்; அதற்கு எதைப் பழக்குகிறோமோ அதைப் புரிந்துகொள்கிறது.

நம் ஊரில் விளக்கையும் சைரனையும் பார்த்த பிறகும் வழிவிடாமல் இருந்தால் என்ன ஆகும்? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவுப்படி பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைக்கிளில் போகும் நீங்கள் சட்டப் பிரிவையெல்லாம் நினைக்க வேண்டாம். இடது ஓரமாக ஒதுங்கி, காலை ஊன்றி நின்றுகொள்ளுங்கள். போய்க்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்ப்பதுதான் ஆபத்து. ஒரு ஆம்புலன்ஸ் போனதும் உடனே நடுவில் பாய வேண்டாம். பின்னாலேயே இன்னொன்று வரலாம். 108 வண்டியை ஓட்டுபவரை அந்தச் சேவையில் ‘பைலட்’ என்றுதான் அழைப்பார்கள். அவருக்கு வேண்டியது நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று முன்கூட்டியே தெரிவது. நீங்கள் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அவர் வேலை சுலபம்.

கடைசியாக ஒரு புதிர். நாற்சந்தி. கிழக்கிலிருந்து ஆம்புலன்ஸ் வருகிறது, வடக்கிலிருந்து தீயணைப்பு வண்டி வருகிறது. இரண்டிலும் விளக்கு மின்னுகிறது, இரண்டிலும் சைரன் அலறுகிறது. யார் முதலில் போக வேண்டும்? பெரும்பாலான பிள்ளைகள் ஆம்புலன்ஸ் என்பார்கள். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை இதற்கு வரிசையே போட்டுக் கொடுத்திருக்கிறது: முதலில் தீயணைப்பு, அடுத்து ஆம்புலன்ஸ், பிறகு போலீஸ், அதன்பின் மின்சாரம், குடிநீர் போன்ற அத்தியாவசியச் சேவைகளைச் சரிசெய்யப் போகும் வண்டிகள்.

காரணமாக எனக்குத் தோன்றுவது இரண்டு. ஆம்புலன்ஸில் பெரும்பாலும் ஒரு நோயாளி. தீ எத்தனை பேரைச் சூழ்ந்திருக்கிறது என்று போய்ச் சேரும்வரை தெரியாது. இன்னொன்று சுத்தமான இயற்பியல். தீயணைப்பு வண்டியின் தொட்டியில் நாலாயிரம், ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கும். தண்ணீரின் எடை மட்டுமே நாலைந்து டன். பிரேக் போட்டால் வண்டி நிற்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் முன்னால் போகப் பார்க்கும். அதைச் சட்டென்று நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் மறுபடி வேகம் எடுக்க நேரமாகும். ஆம்புலன்ஸ் லேசான வண்டி. ஒரு நொடி நின்று, தீயணைப்பு வண்டி கடந்ததும் அதன் பின்னாலேயே கிளம்பிவிடும்.